காலி

பார்த்தோமா, இல்லையா. சென்னியப்பனுக்கு அது ஒன்றுதான் பிடிபட மாட்டேன் என்றது. இலையில் சோறு விழுந்து, பருப்பு விழுந்து, அதன் தலையில் நெய்யும் விழுந்தாகிவிட்டது. கை என்னவோ சோற்றில் இறங்காமல் ஓரத்து வடையையே தடவிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேசைக்கு நேர் எதிரே பூஜை அறை, கதவு திறந்து கிடந்தது. ஆயுத பூஜைக்கு ஆண்டுதோறும் வைப்பதையெல்லாம் சிவப்புத் துணி விரித்து வைத்திருந்தார்கள். மகன் கவினின் லேப்டாப், பட்டறையிலிருந்து எடுத்துவந்த ஸ்பேனர்கள், மனைவி துளசிமணியின் கத்தரிக்கோல், பேத்தியின் சிலேட்டு. எல்லாவற்றுக்கும் முன்னால் சந்தனம் குங்குமம் வைத்து, செவ்வந்திச் சரம் சுற்றி, அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கி. அதைத் துணியில் கிடத்துவதற்கு முன்னால் மடக்கித் திறந்து உள்ளே பார்த்தோமா, இல்லையா. பார்த்திருப்போம். பார்க்காமல் வைக்கிற ஆளா. துப்பாக்கியைக் கையில் வாங்கினால் திறந்து பார்ப்பது, யாரிடமாவது கொடுத்தால் திறந்து கொடுப்பது, கீழே வைத்தால் திறந்து பார்த்துவிட்டு வைப்பது, நாற்பது வருஷப் பழக்கம். பல் விளக்கினோமா என்று யாராவது யோசிப்பார்களா. விளக்கியிருப்போம். ஆனால் பார்த்திருப்போம் என்பது வேறு, பார்த்தோம் என்பது வேறு. காலையில் சந்தனம் குழைத்தது ஞாபகம் இருக்கிறது. குழலில் பொட்டு வைத்தபோது விரலில் இரும்பு சில்லென்று பட்டது ஞாபகம் இருக்கிறது. நடுவில் ஒரு துண்டு இல்லை, யாரோ கத்தரிக்கோலால் நறுக்கி எடுத்துக்கொண்டு போன மாதிரி. அவர் இடது கையை வேட்டிக்குள் விட்டு, உள்ளே போட்டிருந்த டவுசரின் பையைத் துழாவினார். அங்கே ஏதோ இருந்தது. காலையில் நடக்கும்போதெல்லாம் தொடையில் இடித்துக்கொண்டே இருந்தது. தைலக் குப்பிதான். இப்போது அதையும் காணோம்.

"என்னங் சம்மந்தி, சோத்துல கையே வெக்காம உக்காந்திருக்கறீங்? பருப்புல உப்புக் கொறச்சலா?" என்றார் எதிர் நாற்காலியில் இருந்த குழந்தைவேலு. மருமகளின் அப்பா. தறி போட்டுப் பிழைத்தவர், வாயும் தறி மாதிரிதான், ஓடிக்கொண்டே இருக்கும். "உப்பெல்லாம் சரியா இருக்குதுங்" என்றார் சென்னியப்பன். சொல்லும்போதுதான் கவனித்தார், சம்மந்தியின் முதுகுக்குப் பின்னால் பூஜை அறை, சம்மந்தியின் முதுகை நேராகப் பார்த்தபடி அந்த இரண்டு குழல்கள். யார் இப்படித் திருப்பி வைத்தது. குழல் சுவரைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும், ஆளைப் பார்த்து ஒருக்காலும் இருக்கக் கூடாது. குத்துவிளக்குக்கு இடம் வேண்டும் என்று மருமகள் நகர்த்தியிருப்பாள். இல்லை, நாமேதான் அப்படி வைத்தோமோ. அந்த மனுஷர் ரசத்தை உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சிக்கொண்டிருந்தார், முதுகுக்கு நேராக எமன் வாயைத் திறந்துகொண்டிருப்பது தெரியாமல். எமன் என்ன எமன். உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் அது வெறும் இரும்புக் குழாய். தோட்டாப் பெட்டிகளைத்தான் கவின் போன மாதமே வாரிக்கொண்டு போய் ஆயுதக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டானே. வீட்டில் ஒரு தோட்டா கிடையாது என்று கையைத் தட்டிக்காட்டிச் சொன்னானே. ஆனால் தோட்டா என்பது குண்டூசி மாதிரி. இல்லை என்று சத்தியம் செய்த வீட்டில் பெருக்கினால் ஒன்று கிடைக்கும்.

எழுந்துபோய்ப் பார்த்துவிட்டால் முடிந்தது. நாலு எட்டு. ஆனால் பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை முடியாமல் யாரும் தொடக் கூடாது. துளசிமணி தன் கத்தரிக்கோலையே இன்றைக்குத் தொட மாட்டாள், பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறந்தவள் அவள். தொட்டால் ஏன் என்பாள். ஏன் என்றால் என்ன சொல்வது. காலியா இல்லையா என்று ஞாபகம் இல்லை என்று சொல்வதா. அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே கவின் காத்துக்கொண்டிருக்கிறான். நல்ல பையன், பொல்லாதவன் என்று யாரும் சொல்ல முடியாது, அதனால்தான் பயமாக இருக்கிறது. தேர்தலுக்கு முன்னால் லைசென்ஸ் வைத்திருக்கிற எல்லாரையும் போல ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்த துப்பாக்கியை, தேர்தல் முடிந்தபின் திருப்பி வாங்க வேண்டாங்ப்பா என்று அவன்தான் முதலில் சொன்னான். கெஞ்சித்தான் சொன்னான். அவர் கேட்காமல் போய் வாங்கிவந்தார். லைசென்ஸைப் புதுப்பிக்கும்வரை இருக்கட்டும், அதற்குள் இன்னொரு தடவை ஏதாவது ஆச்சுன்னா நானே கொண்டுபோய்க் கொடுத்துடுவேன், நீங்க கோவிச்சுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறான். ஏதாவது என்றால் என்னவென்று இரண்டு பேரும் விளக்கிக்கொள்ளவில்லை. ஸ்கூட்டரை மார்க்கெட்டில் விட்டுவிட்டு நடந்து வீட்டுக்கு வந்து, ஸ்கூட்டர் திருடு போய்விட்டது என்று தெருவையே கூட்டியது ஏதாவதில் சேர்த்தி. மருமகளை, செத்துப்போன தங்கச்சி பேரைச் சொல்லிக் கூப்பிட்டதும் சேர்த்தி. கவின் கூட்டிப்போன டாக்டர் வட்டம் ஒன்றைக் கொடுத்து, இதைக் கடிகாரமாக வரையுங்கள் ஐயா என்றபோது, பம்பு செட்டுக்கு வால்வு செய்து உலகத்துக்கே அனுப்பியவர், எண்களையெல்லாம் ஒரே பக்கத்தில் குவித்துவிட்டு, பாதிக் கடிகாரம் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் சேர்த்திதான்.

துப்பாக்கி போனால் போகட்டும் என்று ஏன் இருக்க முடியவில்லை. ஊரில் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு, வேட்டைக்குப் போவீங்களா. ஒரு காக்காயைக்கூட அவர் சுட்டதில்லை. களிமண் தட்டு, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருக்கு வெளியே கிளப் மைதானத்தில் நின்று, துப்பாக்கியைத் தோளில் பதித்து, 'புல்', அதாவது இழு, என்று இங்கிலீஷில் கத்தினால், தரைக்குள்ளிருந்து ஒரு மிஷின் ஆரஞ்சு நிறத் தட்டு ஒன்றை வானத்தில் வீசும். அது பறக்கும். எந்தப் பக்கம் பறக்கும் என்று தெரியாது. தட்டைச் சுடக் கூடாது, தட்டு போகப்போகிற இடத்தைச் சுட வேண்டும். பட்டதும் அது புகையாகப் போய்விடும், துண்டுகூடத் தெரியாது. அந்த ஒரு நொடியில் பட்டறை இல்லை, லேபர் தகராறு இல்லை, கரண்ட் கட் இல்லை, செத்துப்போன தங்கச்சி இல்லை. மனசு கழுவிவிட்ட சிமெண்டுத் தரை மாதிரி இருக்கும். அதற்காகத்தான். அதற்காக மட்டும்தான் அத்தனை வருஷம் போனார். சந்தோஷம் என்று அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான், துளசிமணியிடம் சொன்னால் அவளுக்கு வருத்தமாக இருக்கும் என்பதால் சொன்னதில்லை. இப்போது மனசு சும்மாவே கழுவிவிட்ட தரையாகத்தான் கிடக்கிறது. அதில் சந்தோஷம் இல்லை.

தேவசகாயம் இருந்தால் கேட்கலாம். கிளப்பில் அவர்தான் சிநேகிதர், பட்டாளத்திலிருந்து வந்தவர், போன வருஷம் காலமாகிவிட்டார். போன வருஷமா, அதற்கு முந்தியா. திறந்து பார்த்தபின் இங்கிலீஷில் எதையோ சொல்லிக்கொண்டிருந்தவர்களை நிறுத்தி, காலி என்று தமிழில் சொல்லவைத்தவர் அவர்தான். கண்ணு பாக்கணும், விரல் விட்டுப் பாக்கணும், அப்புறம் வாய் சொல்லணும், மூணும் ஒண்ணா இருந்தாத்தான் காலி என்பார். கிளப்பில் அதை வைத்துச் சிரிக்காத நாள் இல்லை. தேவசகாயம் காலி என்றால் துப்பாக்கி காலியா, ஆளே காலியா என்பார்கள். அந்தத் தேவசகாயமே ஒருநாள் பேச்சு சுவாரசியத்தில் காலி என்று சொல்லிக்கொண்டே விசையைத் தட்ட, தகரக் கூரை அலறியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லாரும் சிரித்தார்கள், அவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சென்னி, நான் பாக்கவே இல்லப்பா, வாய் மட்டும் சொல்லிருச்சு என்றார். வாய்க்குக் கண்ணா இருக்குது. கூரையில் விழுந்த அந்த ஓட்டைகள் வழியாக வெயில் இன்னும் தரையில் பொட்டுப் பொட்டாக விழுகிறது. யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லி அவரைத் தேற்றியது சென்னியப்பன்தான். அதுவரை சறுக்காத யானைகள் எல்லாவற்றுக்கும் இப்படித்தான் தோன்றும்.

இடது கை மறுபடியும் பைக்குள் போயிருந்தது. "என்னங்ப்பா தேடறீங்?" என்றான் பக்கத்தில் இருந்த கவின். எவ்வளவு சாதாரணமாகக் கேட்கிறான் பாருங்கள், கேட்டுவிட்டு எப்படி முகத்தைப் பார்க்கிறான் பாருங்கள். "தைலக் குப்பி கண்ணு. பையில இருந்துச்சு." அடுக்களையிலிருந்து பாயசப் பாத்திரத்தோடு வந்த துளசிமணி, "தைலம் சன்னல் மேல இருக்குதுங். காத்தாலயிருந்து அங்கதான் இருக்குது, நீங்க தொடவே இல்ல" என்றாள். அவர் சன்னலைப் பார்த்தார். இருந்தது, பச்சை மூடி போட்ட குப்பி, வெயிலில். அப்படியென்றால் பையில் இருந்தது என்ன. உருண்டையாக, நீளமாக, நடக்கும்போது தொடையில் இடித்துக்கொண்டு. மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். இங்கே மடியில் கனம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. இருந்த கனம் எங்கே போயிற்று. அவர் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார். கவின் பார்க்கிறான். மென்றார். பருப்புக்கு ருசி இருந்ததாகத் தெரியவில்லை. கேட்டுவிடலாம், சிரித்துக்கொண்டே கேட்டுவிடலாம், ஏம்ப்பா துப்பாக்கிய வெக்கறப்ப நான் காலின்னு சொன்னனா, யாருக்காவது காதுல விழுந்துச்சா என்று, விளையாட்டுப் போல. விளையாட்டுப் போலத்தான் டாக்டரும் கடிகாரம் வரையச் சொன்னார். சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் அவர் அந்தக் கவளத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பேத்தி நாற்காலியிலிருந்து இறங்கினாள். மூன்று வயசு முடியவில்லை, இறங்குவது என்றால் முதலில் வயிற்றை வைத்துச் சறுக்கி, அப்புறம் காலைத் தேடிப் பிடித்து நிற்பது. "அப்பாரு, பொரி" என்று தாத்தாவிடம் சொல்லிவிட்டு, பூஜை அறைக்கு நடந்தாள். பொரித் தட்டு துப்பாக்கிக்குப் பக்கத்தில் இருந்தது. மருமகள் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். குழந்தைவேலு நூல் விலை பேசிக்கொண்டிருந்தார். குழந்தை குனிந்து ஒரு கையால் பொரியை அள்ளியது, விழாமல் இருக்க இன்னொரு கையை எங்காவது ஊன்ற வேண்டும், ஊன்றியது, துப்பாக்கியின் கட்டைமேல். செவ்வந்திச் சரம் நழுவியது. ஒரு தடவை திறந்து மூடினாலே அடிக்கத் தயாராகிவிடுகிற ரகம் அது. விசைக்கு மேலே நகர்த்துகிற பூட்டு ஒன்று உண்டு, பூட்டியிருக்கிறோமா, இல்லையா. அவர் எழுந்தது அவருக்கே தெரியாது. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்த சத்தம் கேட்டது. எச்சில் கையோடு போய்க் குழந்தையை இடுப்பில் தூக்கிக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு, துப்பாக்கியை எடுத்தார். பூட்டு திறந்திருந்தது. குழலைத் தரையைப் பார்க்கத் திருப்பி, நெம்புகோலைக் கட்டைவிரலால் தள்ளி, மடக்கித் திறந்தார்.

வலது குழல் காலி. அதன் வழியாகத் தரையின் மொசைக் வட்டமாகத் தெரிந்தது. இடது குழலில் தரை தெரியவில்லை. பித்தளை தெரிந்தது. பித்தளை வட்டத்தின் நடுவில் அடிபடாத சிறு பொட்டு. இரண்டு விரலால் பிடித்து இழுத்தார், சிவப்புத் தோட்டா முழுசாக உள்ளங்கைக்கு வந்தது. அவ்வளவுதான், எல்லாம் வந்துவிட்டது. காலையில் அலமாரியில் பழைய கிளப் கோட்டைத் தூசி தட்டியதும், அதன் பையிலிருந்து இது ஒன்று கையில் வந்ததும், கவினிடம் கொடுத்துவிட வேண்டும் என்று டவுசர் பையில் போட்டுக்கொண்டதும். தொடையில் இடித்தது இதுதான். உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. தெரிந்ததால் ஒரு நிம்மதியும் வந்தது, நாம் பைத்தியம் இல்லை, சந்தேகப்பட்டது சரிதான், உள்ளே இருந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் துளசிமணி வந்து நின்றாள். அழுகிற குரலில், ஆனால் மற்றவர்களுக்குக் கேட்காமல், "போதுங், இத்தோட விட்டுருங். பூசை முடிஞ்சதுலயிருந்து எத்தன வாட்டிங் தொறந்து பாப்பீங்? ஒவ்வொரு வாட்டியும் காலி காலின்னு நீங்கதான சொன்னீங்?" என்றாள்.

எத்தனை வாட்டி. அவருக்கு ஒரு வாட்டிகூட ஞாபகம் இல்லை. ஆனால் அவள் பொய் சொல்கிறவள் இல்லை. அப்படியானால் பூஜையில் வைக்கும்போது காலியாகத்தான் இருந்திருக்கிறது. அடுத்த தடவையும் காலி. அதற்கடுத்து எப்போதோ, திறந்து, பார்த்து, காலி என்று சொன்ன பிறகு, கை நிற்கவில்லை. கைக்கு என்ன தெரியும். கிளப்பில் நாற்பது வருஷம் அதற்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான்: திற, பார், போடு, மூடு. பார்ப்பதோடு நின்றுகொள்ள அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. பைக்குள் போனது, எடுத்தது, போட்டது, மூடியது. காலியா என்று பார்க்கப் போனவரே நிறைத்து வைத்துவிட்டு வந்து இலைமுன் உட்கார்ந்து, காலியா என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். பேத்தி கதவருகில் நின்று பொரியைத் தின்றுகொண்டு அவரைப் பார்த்தது. அந்தக் கை ஊன்றியது இந்தக் கட்டைமேல்தான். சொல்லிவிட வேண்டும். இப்போதே. கொஞ்ச நேரம் போனால் இதுவும் போய்விடும், ஸ்கூட்டர் போன மாதிரி, இந்தக் காலை போன மாதிரி, தெரிந்திருக்கிற இந்த நிமிஷத்திலேயே கவினைக் கூப்பிட்டு இதை உள்ளங்கையில் வைத்துக் கொடுத்துவிட வேண்டும். கண்ணு, இந்தா, எடுத்துட்டுப் போயிரு, ரெண்டையும் எடுத்துட்டுப் போயிரு, அப்பன் கையி அப்பன் பேச்சக் கேக்க மாட்டேங்குது. வார்த்தைகூட வரிசையாக வந்து நின்றது. தோட்டா இருந்த கையைத் தூக்கினார். அவர் முதுகு மறைத்ததில் துளசிமணிக்கு அது தெரியவில்லை.

"என்னங்ப்பா, காலியா?" என்றான் கவின் மேசையிலிருந்தே. குரலில் ஒரு சிரிப்பு, குழந்தைகளைக் கேட்கிற மாதிரி. பாவம், அவனும் எத்தனை தடவைதான் கேட்பான்.

"காலி" என்றது வாய்.

சொல்லிவிட்டது. அவர் சொல்லவில்லை, அது சொல்லிவிட்டது. இல்லை என்று மறுத்துச் சொல்ல அவர் வாயைத் திறந்தார், ஆனால் துளசிமணி, "கேட்டீங்ளா, காலிதான். வாங், பாயசம் ஆறுது" என்று தோளைத் தொட்டுத் திருப்பினாள். அந்தத் தொடுகை இதமாக இருந்தது. ரொம்ப நாளாகிவிட்டது அவள் இப்படித் தொட்டு. துப்பாக்கியை மூடிக் குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். சரத்தைச் சரிசெய்தார். கையில் இருந்ததைப் பையில் போட்டுக்கொண்டார், சாப்பிட்டானதும் கொடுத்துவிடலாம், சம்மந்தி முன்னால் வேண்டாம், மானம் போய்விடும், சாப்பிட்டானதும் முதல் வேலை அதுதான். கவின் நாற்காலியை நிமிர்த்தி வைத்திருந்தான். பாயசத்தில் முந்திரி இருந்தது. குழந்தைவேலு நூல் விலையை விட்டு மழைக்கு வந்திருந்தார், அவர் ஊர்ப் பக்கம் ஐப்பசிக்கு முன்னாலேயே பிடித்துக்கொண்டதாம், குளம் நிரம்பிவிட்டதாம். "எங்க பக்கம் இன்னும் ஒரு சொட்டு இல்லீங்" என்றார் சென்னியப்பன். பேச்சு சுலபமாக வந்தது. மழை வந்தால் கிளப் மைதானத்தில் நிற்க முடியாது, சேறாகிவிடும், தகரக் கூரைக்கு அடியில் தேவசகாயத்தோடு டீ குடிக்கலாம். பேத்தி வந்து மடியில் ஏறிக்கொண்டு ஒரு பொரியை அவர் வாயில் வைத்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. குழந்தையின் கால் பட்ட இடத்தில் ஏதோ தொடையில் அழுத்தியது. கையை விட்டுத் தொட்டுப் பார்த்தார். உருண்டையாக, நீளமாக. அட, தைலக் குப்பி இங்கேதான் இருக்கிறது. சன்னல் மேல் இருக்கிறது என்றாளே துளசிமணி. பாவம், அவளுக்கும் வயசாகிறது, மறதி வந்துவிட்டது. அவளைக் கோபிக்கக் கூடாது. அவர் பாயசத்தைக் குடித்து முடித்து, உதட்டைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். எதிரே பூஜை அறை. கதவு திறந்து கிடந்தது. சந்தனமும் குங்குமமும் வைத்து, செவ்வந்திச் சரம் சுற்றி, துப்பாக்கி.

பார்த்தோமா, இல்லையா. பேத்தியை மடியிலிருந்து இறக்கி நிறுத்திவிட்டு அவர் மெதுவாக எழுந்தார். இந்தத் தடவை யாரும் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை.